தகரக் கொட்டகையின் இருட்டு ஷோ

எங்கள் குடியிருப்பில் போன வருஷம் ஒரு சாயந்தரம் விளக்கணைப்பு ஒத்திகை நடந்தது. வடக்கே எல்லையில் ஏதோ உரசல் என்று டிவிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நேரம். சங்கு ஊதியதும் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். அணைத்தார்கள். அணைத்த கையோடு அத்தனை பேரும் பால்கனிக்கு வந்து, ஊர் எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று செல்போனில் படம் பிடித்தார்கள். மாடிக்கு மாடி வெளிச்சம். எதிரி விமானம் வந்திருந்தால் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருந்திருக்காது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் கீழே நின்றுகொண்டு, "மேடம், ஃபிளாஷ ஆஃப் பண்ணுங்க மேடம்" என்று ஒவ்வொரு மாடியாகக் கெஞ்சினார். அவரையும் படம் பிடித்தார்கள்.

நான் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏசி பெட்டிக்குப் பின்னால் வாடகை தராமல் குடியிருக்கிற புறாக்கள் இருட்டில் முனகிக்கொண்டிருந்தன. புறா எச்ச வாடை உங்களுக்குத் தெரியுமே, சுண்ணாம்பும் புளித்த தானியமும் சேர்ந்தாற்போல ஒன்று. பகலில் அந்த வாடை எனக்கு எரிச்சலைத்தான் தரும். அன்றைக்கு இருட்டும் அந்த வாடையும் சேர்ந்து வந்ததும் சவரி மாமா வந்து பக்கத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

சவரி மாமா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சவரிமுத்து என்று ஞானஸ்நானப் பெயர். போஸ்டரில் 'புரொபசர் சவரி' என்று இருக்கும். எந்தக் காலேஜில் புரொபசர் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் மாமா ஐந்தாம் வகுப்போடு நின்ற கதை வெளியே வந்திருக்கும். மேஜிக்காரர். அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பு நடக்கும்போது கரையில் உட்கார்ந்து மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிற ஆளுக்குக் கடல்கட்டி என்று பெயர். குளிகாரர்கள் அவர் வந்து உட்காராமல் கடலில் இறங்க மாட்டார்களாம். மாமாவின் பூட்டனார் அப்படி ஒரு கடல்கட்டி என்று மாமா சொல்லிக்கொள்வார். "சுறா வாயக் கட்டுன குடும்பம்லா நாம" என்பார். அவர் பையிலிருந்த புறாவோ, மேடையில் வாயை மூட வேண்டிய சமயம் பார்த்துத்தான் கத்தும்.

மாமா மேஜிக் காட்டிய இடம் தகரக் கொட்டகை. எங்கள் கடலோர ஊரை விட்டு வெளியே, துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது. முன்வாசலில் 'முத்துமாலை அரங்கம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும், மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது என்பதால் ஜனங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. முதலாளி பொன்னையா அண்ணாச்சி. சினிமா போடுகிற கொட்டகைகள் ஊருக்குள் இருந்தபடியால் இவர் தினமும் சாயந்தரம் கதம்ப நிகழ்ச்சி நடத்தினார். ஒருவன் பழைய நடிகர்கள் மாதிரிப் பேசுவான், ஒருத்தி ரெக்கார்டுக்கு ஆடுவாள், ஒருவன் சைக்கிளில் தலைகீழாக நிற்பான், நடுவில் மாமா. உப்பளத்து வேலையாட்கள், தோணிக்காரர்கள், துறைமுகக் கட்டுமானத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பனங்கிழங்கு தின்றுகொண்டு பார்ப்பார்கள். பிடிக்காத ஐட்டத்துக்குக் கிழங்கு நார் மேடைக்கு வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்த மேடையில் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அறுபட்டேன். மாமா என்னைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, ரம்பத்தால் இடுப்பில் அறுத்து, இரண்டு துண்டையும் தனித்தனியாகத் தள்ளிக் காட்டுவார். தலைப்பக்கம் நான் சிரிக்க வேண்டும், கால்பக்கம் விரலை ஆட்ட வேண்டும். எப்படி என்று உங்களிடமும் சொல்ல மாட்டேன். மாமாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், மாமா செத்தாலும் சத்தியம் சாகவில்லை.

அப்படி நான் இரண்டு துண்டாகக் கிடந்தபோதுதான் என் வீட்டுக்காரர் என்னை முதன்முதலில் பார்த்தார். ராயப்பன் என்று பெயர், தோணியில் வேலை. தோணி என்றால் இப்போதைய பிள்ளைகள் ஆற்றில் போகிற ஓடம் என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊர்த் தோணி பாய் விரித்து, வெங்காயமும் கூரை ஓடும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருகிற சரக்குக் கப்பல். அவர் வீட்டில் போய், கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றிருக்கிறார். பெண் பார்க்க வந்த என் மாமியார் காப்பியைக் கையில் வாங்கும் முன்னே, "பிள்ள முழுசாத்தான இருக்கா?" என்று கேட்டார். என் அம்மா எழுந்து நடந்து காட்டச் சொன்னாள். நடந்து காட்டினேன்.

கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "இனிமே நீ கொட்டகப் பக்கம் எட்டிப் பாக்கக்கூடாது" என்றார். ஏன் என்று கேட்டேன். "ஊரே பாக்க என் பொண்டாட்டிய ஒருத்தரு அறுப்பாரு, நான் ஒக்காந்து கைதட்டணுமாக்கும்?" என்றார். கைதட்டித்தானே என்னைக் கட்டினீர்கள் என்று கேட்டிருக்கலாம். புதுசு, வாய் அந்த அளவுக்கு நீளவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

கல்யாணமான புதிதில் ஆண்கள் தங்கள் வேலையைப் பற்றி நிறையச் சொல்வார்கள், அப்புறம் சொல்ல மாட்டார்கள். அவர் சொன்னதில் ஒன்று மனதில் நின்றுவிட்டது. தகரக் கொட்டகையின் கூரையில் ஒரு சிவப்பு பல்பு எரியும். ஷோ இருக்கிறது என்பதற்கு அடையாளமாக அண்ணாச்சி போட்டது. கடலிலிருந்து வருகிறவர்களுக்கு அதுவும் மாதா கோயில் கோபுர விளக்கும் ஒரே நேர்கோட்டுக்கு வந்தால் பாதை சரி. நேர் தவறினால் கரைக்கு எதிரே இருக்கிற தீவுகளை ஒட்டிய பாறையில் தோணி ஏறிவிடும். கிட்ட வந்ததும் கொட்டகை ஒலிபெருக்கிப் பாட்டு காதில் விழும், அதை வைத்துத் திருப்பிக்கொள்வார்கள். வெள்ளைக்காரன் கலங்கரை விளக்கம் கட்டினான், எங்கள் ஆட்கள் அதைவிட அண்ணாச்சியின் பல்பை நம்பினார்கள்.

பங்களாதேஷ் சண்டை தொடங்கியது அவர் கொழும்புக்குப் போயிருந்த சமயத்தில். தோணி அங்கேயிருந்து புறப்பட்டுவிட்டது என்று ஏஜென்ட் ஆபீசுக்குத் தந்தி வந்தது. அதற்கு மறுநாள் கரையோரம் முழுக்க விளக்கணைக்க உத்தரவு. கலங்கரை விளக்கம் அணைந்தது, கோபுரம் அணைந்தது, அண்ணாச்சியின் பல்பும் அணைந்தது. பகலில் வந்து சேரலாமே என்பீர்கள். அந்தச் சமயம் ஓயாத மழை மூட்டம், பகலுக்கும் சாயந்தரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. எங்கள் கரையில் அடையாளம் பார்க்க மலையும் இல்லை, ஒரே மட்டமான மணல். வந்தால் பாறை, வராமல் வெளியே கிடந்தால் குடிக்கத் தண்ணீர் தீரும். வர வேண்டிய நாள் தாண்டிப்போனது. ஏஜென்ட் ஆபீசில் கேட்கப் போனால் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்கள். மறுநாளும் போய் நின்றேன்.

ஊரும் கலங்கிக்கிடந்தது. ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், கார் விளக்குக்குப் பாதிக் கறுப்பு மை. பள்ளிக்கூட மைதானத்தில் பதுங்கு குழி வெட்டினார்கள், வெட்டிய அன்றே மழை பெய்து நிறைந்துவிட்டது. குண்டு போட்டால் அதில் குதிக்க வேண்டும் என்றார் டேனியல் சார். சாயர்புரத்தில் படித்தவர், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், எங்கள் பகுதியில் விளக்கணைப்பைக் கண்காணிக்கிற வார்டன். தலையில் இரும்புத் தொப்பி, கழுத்தில் விசில், நீலத்தாள் ஒட்டிய டார்ச். "நீச்சல் தெரியாதவுக என்ன சார் செய்ய?" என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, "குண்டுக்குத் தப்புனா போதாதா" என்று பதில் சொன்னார்.

மாமியார் கோயிலே கதி என்று ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரே இடத்தில் முழங்கால் போட முடியவில்லை. ஒரு சாயந்தரம் எழுந்து நடந்தேன், கால் தகரக் கொட்டகைக்குத்தான் போனது. போர் நிதி ஷோ என்று எழுதிப்போட்டு அண்ணாச்சி நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்திக்கொண்டிருந்தார், விளக்கணைக்கும் நேரத்துக்குள் முடித்துவிடுவதாகப் பேச்சு. மாமா என்னைப் பார்த்ததும் அழாத குறை. எனக்குப் பதிலாக அறுபட்டுக்கொண்டிருந்த பெண், சண்டைக்குப் பயந்து எட்டயபுரத்துச் சித்தி வீட்டுக்கு ஓடிவிட்டாளாம். "ஏளா, இன்னைக்கு மட்டும் பெட்டிக்குள்ள படு. கூட்டம் கொட்டகையப் பிரிச்சுரும்" என்றார்.

படுத்தேன். மாமா ரம்பத்தை இடுப்பில் வைத்தார். அந்த நேரம் பார்த்து வெளியே டேனியல் சாரின் விசில். மழை மூட்டத்தில் சீக்கிரமே இருட்டிவிட்டதாம், அத்தனை விளக்கையும் உடனே அணைக்க வேண்டுமாம். அணைத்தாயிற்று. என் கை எனக்குத் தெரியவில்லை. குழந்தைகள் வீறிட்டன. மாமா மேடையில் வாயே திறக்காத புரொபசர், பேசினால் மரியாதை போய்விடும் என்று ஒரு நினைப்பு. ரம்பத்தைப் பிடித்தபடி மரமாக நிற்கிறார். என் பெட்டியோ பூட்டியிருக்கிறது, தலையும் கையும் மட்டும் வெளியே. தலைமாட்டில் மைக் இருந்தது, அது கார் பேட்டரியில் ஓடுகிறது, அதை யாரும் அணைக்கவில்லை. இழுத்துப் பேசிவிட்டேன்.

"யாரும் பயப்படாதீங்க. புரொபசர் அறுத்துக்கிட்டுத்தான் இருக்காரு. இப்ப தோல் போயிட்டு. இப்ப எலும்பு. மாமா, கொஞ்சம் கீழ தள்ளி அறுங்க, நேத்து தின்ன பரோட்டா அங்கதான் கெடக்கு."

கொட்டகை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. புறா பறக்கிறது என்றேன், கைதட்டினார்கள். புறா பையை விட்டே வரவில்லை. மாமா முட்டையை விழுங்கிவிட்டார், இப்போது காது வழியாக எடுக்கிறார் என்றேன், "அய்யோ" என்று ஒரு பொம்பிளை பதறினாள். வெளிச்சத்தில் மாமாவுக்குக் கிடைத்தது கிழங்கு நார், இருட்டில் கிடைத்தது கைதட்டல். ஷோ முடிந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் ஒரு தப்பும் வரல" என்றார்.

மறுநாளிலிருந்து அண்ணாச்சி வேண்டுமென்றே இருட்டில் ஷோ வைத்தார். ஒரு பல்பு கிடையாது, பீடி பற்றவைக்கக்கூடாது, மைக் மட்டும். இருட்டில் இருக்கப் பயந்த ஜனங்கள் கூட்டமாக இருட்டில் இருக்க வந்தார்கள். எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பல்பு அணைந்துவிட்டது, சத்தம் அணையவில்லையே. கூரையில் இருந்த ஒலிபெருக்கி ஊரைப் பார்த்து இருந்தது. அதைக் கடலைப் பார்த்துத் திருப்பச் சொல்லி அண்ணாச்சியிடம் கேட்டேன். "பாட்டுப் போட்டுருவமா?" என்றார். வேண்டாம் என்றேன். கரையோரம் தெற்கே இருக்கிற ஆலந்தலையிலும் பாட்டுப் போடுவார்கள், எந்த ஊர்ப் பாட்டு என்று கடலில் கிடப்பவனுக்கு என்ன தெரியும். என் குரல் இந்தக் கொட்டகையில் மட்டும்தான் கேட்கும். அது அவர் காதில் விழுந்தால் எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். கொடுத்த வாக்கை மீறி மேடை ஏறியதும் தெரிந்துபோகும். தெரியட்டும் என்று இருந்தேன். வந்து திட்டினால் போதும் என்று இருந்தது எனக்கு.

டேனியல் சார் பாய்ந்து வந்தார். கடலுக்கடியில் எதிரி நீர்மூழ்கி காது வைத்துக்கொண்டிருக்கிறதாம், சத்தம் போகக்கூடாதாம். அண்ணாச்சிக்குக் கொட்டகை லைசென்ஸ் பயம் உண்டு. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், கவர்மென்ட்டு வெளக்கத்தான் அணைக்கச் சொல்லிச்சு. பொம்பிள வாய அணைக்க ஆர்டர் வந்திருக்கா? இருந்தா காட்டுங்க." அப்படி ஒரு ஆர்டர் எந்த கவர்மென்ட்டிலும் செல்லுபடியாகாது என்று டேனியல் சாருக்கே தெரியும், வீட்டில் மனைவி உண்டு. கண்காணிக்கிறேன் என்று முன்வரிசையில் உட்கார்ந்தார். தினமும் கண்காணித்தார். சிரிப்புச் சத்தத்தில் அவருடையதுதான் முதலில் கேட்கும்.

நான் தினமும் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு கடலுக்குப் பேசினேன். எதிரே இருந்தவர்கள் தங்களுக்கு என்று நினைத்துச் சிரித்தார்கள். ரேடியோ அறிவிப்பாளர் மாதிரிக் குரலை வைத்துக்கொண்டு, "உப்பளத்துக்குக் கிழக்கே, தகரக் கொட்டகையிலிருந்து உங்களுடன் பேசுவது பாதிப் பெண்" என்று அடிக்கடி சொல்வேன். சிரிக்க சிரிக்கப் பேசுவேன். கண்ணீர் காதுக்குள் வழியும், மல்லாந்து கிடந்தால் அப்படித்தான். இருட்டு என்பதால் மூக்கை மட்டும் உறிஞ்சாமல் இருந்தால் போதும்.

அன்றைக்கு மழை விட்டுக் காற்று அசந்திருந்தது, மூட்டம் மட்டும் கலையவில்லை. ஷோ தொடங்கி வெகு நேரமாகியிருந்தது. மாமா இன்னும் அறுத்துக்கொண்டிருந்தார், நான் வர்ணனையில் நுரையீரல் வரை வந்திருந்தேன். அப்போது வாசல் பக்கம் இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏளா, பெட்டிய விட்டு வெளிய வாரியா இல்லையா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புது ஐட்டம் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு அது யார் குரல் என்று தெரியும். மைக்கில் உண்மையைச் சொன்னேன்.

"வர முடியாது. மாமா பூட்டியிருக்காரு."

கைதட்டல்.

"கொட்டகப் பக்கம் போவாதன்னு சொல்லிட்டுத்தானளா போனேன்?"

"சொன்னீங்க. என்னைக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போனீங்க? என்னைக்கு வந்து நிக்கீங்க?"

"நான் கடல்ல கெடந்து செத்துப் பொழச்சு வாரேன், நீ இங்கன மைக்குல பேசிக்கிட்டுக் கெடக்க. தோணியில இருக்கவன் பூராவும் கேட்டுட்டுச் சிரிக்கான்."

"சிரிச்சாங்களா? அப்ப கேட்டிருக்கு" என்றேன். மைக்கில் ஓவென்று அழுதுவிட்டேன். அழுகையையும் நடிப்பு என்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், முன்வரிசையில் டேனியல் சார், "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார். மாமா பூட்டைத் திறக்கச் சாவியை இருட்டில் தேடிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் மேடையேறி வந்து பெட்டி மேல் கையை வைத்தார். கை ஈரமாக இருந்தது, உப்பு வாடை. அவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த மனுஷன் என் தலையைத் தடவிவிட்டு, அப்புறம் குனிந்து, கால்பக்கமும் தடவிப் பார்த்தார்.

அண்ணாச்சி மறுநாள் வீட்டுக்கு வந்தார். புருஷன் பொண்டாட்டி சண்டையை அப்படியே தினமும் வைத்துக்கொள்ளலாம், ஒத்திகைகூட வேண்டாம் என்றார். இவர் அவரைத் தெருமுனை வரை வழியனுப்பிவைத்தார், எப்படி என்று சொல்ல வேண்டாம். கொஞ்ச நாளில் சண்டை முடிந்து விளக்குகள் எரிந்தன. வெளிச்சத்தில் மாமாவைப் பார்த்த ஜனங்களுக்கு ஏமாற்றமாகிவிட்டது. இருட்டில் நன்றாகச் செய்தாரே என்றார்கள்.

தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் அடுக்கிவைக்கிறார்கள். கொழும்புக்குப் பாய் விரித்துப் போகிற தோணி இல்லை. அண்ணாச்சி, மாமா, டேனியல் சார் யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் போயும் சில வருஷமாகிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். என் குரலைக் கேட்டுத்தான் கரை வந்தோம் என்று அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் தோணியின் தலைவர் ஒரு கல்யாண வீட்டில் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒம் மாப்பிள்ளதாம்மா முன்னால நின்னு, அது எம்பொண்டாட்டி சத்தம், அங்கன திருப்புங்கன்னு அழுதுகிட்டே கத்துனான்" என்று சொல்லியிருந்தார். வீட்டில் கேட்டால் இவர், "சும்மா இரு. நட்சத்திரத்தப் பாத்து வந்தோம்" என்பார். பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொன்னார், பேரப்பிள்ளைகளுக்குத் தாளில் நட்சத்திரம் வரைந்தே காட்டினார். மழை மூட்டத்தில் எந்த நட்சத்திரம் என்று நான் விடாமல் கேட்பேன். "கடலப் பத்தி ஒனக்கு என்னளா தெரியும்?" என்பார். சாப்பாடு ஆறும்வரை சண்டை நடக்கும்.

ஒத்திகை முடிந்து விளக்கு வந்த பிறகு பேத்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். என் சத்தத்தைக் கேட்டுத்தான் உங்கள் தாத்தா வீடு வந்து சேர்ந்தார் என்றேன். "ஆமா ஆச்சி, வேற எப்படி வந்திருப்பாங்க" என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். இல்லை என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.